பூட்டிய கதவு, பூட்டாத வளையம்

நடமாடும் கண் சிகிச்சை வண்டிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, வண்டியைத் திருட்டிலிருந்து காப்பது பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். எந்தப் பூட்டு நல்லது, எங்கே போடுவது என்று சொன்னால் போதுமாம். அதற்கு ஒரு பக்கம்கூட வேண்டாம். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்ட விதத்தை விட்டுவிட்டுப் பூட்டைப் பற்றி மட்டும் எழுதினால், நான் செய்த தவறையே நீங்களும் செய்வீர்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. புனேயில் கோர்படி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர். நான் ஒரு கண் மருத்துவ அறக்கட்டளையில் முகாம் உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முகாம் சாமான்களையும், அவற்றை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வெளிநாடுகளில் விடுமுறைக்குப் போகிறவர்கள் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்களே, சக்கரம் வைத்த சின்ன வீடு, அந்த மாதிரி வண்டி அது. யாரோ நன்கொடையாகக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு கைகழுவும் தொட்டி, மடக்கு மேஜை, கூரையில் காற்று வர ஒரு திறப்பு. நாங்கள் அதை 'டப்பா' என்றுதான் சொல்வோம். அதன் மூக்கில் இருந்த வெளிநாட்டு இணைப்பு நம் ஜீப்புக்குப் பொருந்தவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு ஒரு கனமான இரும்பு வளையத்தைப் பற்றவைத்திருந்தோம். ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப்புகள் அப்போது புனேயில் ஏராளம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கொக்கி இருக்கும். அந்தக் கொக்கியில் வளையத்தைப் போட்டு ஒரு பின்னைச் செருகினால் டப்பா பின்னாலேயே வந்துவிடும். எங்கள் ஜீப்பில் மாட்டுவது எவ்வளவு சுலபமோ, ஊரில் ஓடும் அத்தனை ஜீப்பிலும் மாட்டுவது அவ்வளவு சுலபம். இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

டிரைவர் சவரிமுத்து, ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் அப்பாவின் ஊர்ப்பக்கம்தான். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மருத்துவர் ஒரு மராத்திய அம்மா. அவர் எங்களோடு இந்தியில் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த டப்பா விஷயத்தில் அவர் போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: "அறுவை செய்த ஆளை டப்பாவில் படுக்க வைக்கலாம். ஆனால் ஆளை உள்ளே வைத்து வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது." ஜீப்பில் போனால் பத்துப் பங்கு குலுங்கும் என்றால் டப்பாவில் நாற்பது பங்கு குலுங்கும். அந்தக் காலத்தில் கண்புரை அறுவை இன்றைக்கு நீங்கள் பார்ப்பது போல் இல்லை. கண்ணைப் பெரிதாகத் திறந்து, தையல் போட்டு, இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல்பை வைத்து நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்போம். ஒரு பலத்த குலுக்கலில் தையல் விட்டுப்போனால் கண் போனது போனதுதான்.

அந்த முகாமுக்கு ஒரு மாதம் முன்பு டப்பாவின் சின்னப் பூட்டை உடைத்து ஸ்டவ்வையும் ஸ்பிரிட் டின்னையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார், "நீ பார்த்துக்கொள்ளத்தானே இருக்கிறாய்?" அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே போய் ஒரு கை முஷ்டி அளவுக்குப் பித்தளைப் பூட்டு வாங்கி வந்து கதவில் மாட்டினேன். சாவியை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். டப்பாவுக்குள் நான் கதவு வழியாகப் போகிறேன், ஆகவே திருடனும் கதவு வழியாகத்தான் வருவான் என்பது என் கணக்கு.

முகாம் புனேயை ஒட்டிய போசரியில், தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. விடுமுறை நாட்களுக்கு அறைகளைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் சொன்னதற்கு ஒரு நாள் முன்பே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அறுவையான நோயாளிகளை ஜீப்பில் மெத்தை போட்டு, இரண்டிரண்டு பேராக, ஆமை வேகத்தில் ஊருக்குள் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நர்ஸும் கூடவே போனார். மிஞ்சியது ஒரே ஒருவர், சகுபாய். கட்டட வேலையில் கல் சுமப்பவர். ஐம்பது வயது இருக்கும். அறுவை முடிந்து மூன்றாம் நாள். பள்ளி அறைகளைப் பூட்டிவிட்டதால் அவரை டப்பாவில் படுக்க வைத்துவிட்டு, நான் காவல் இருந்தேன்.

ஒன்றரை மணிக்கு வரவேண்டிய ஜீப் இரண்டேகால் ஆகியும் வரவில்லை. வெயில் கொளுத்தியது. டப்பாவுக்குள் சூடு ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக்கு போன் செய்து கேட்கலாம் என்று தோன்றியது. அருகில் போன் இருந்தது ஒரு தொழிற்சாலை வாசலில். நடந்து போனால் பத்து நிமிடம். நான் டப்பாவின் கதவைச் சாத்தி, பித்தளைப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சகுபாயின் பாதுகாப்புக்காக நான் பூட்டவில்லை. ஸ்டவ்வுக்காகப் பூட்டினேன்.

போனில் ஆள் கிடைக்க நேரமாயிற்று. ஜீப் வழியில் பஞ்சராகி நிற்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்று சொன்னார்கள். நான் திரும்பி வந்தபோது பள்ளிக்கூட மைதானம் காலியாக இருந்தது.

முதலில் வேறு வாசல் வழியாக வந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். பிறகு சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த இரண்டு கற்களைப் பார்த்தேன். இரண்டும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. மண்ணில் டயர்த் தடம் வாசல் வரைக்கும் போய்த் தார் ரோட்டில் முடிந்திருந்தது. வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினேன்.

"உங்க டப்பாவா? இப்பத்தானே போச்சு!" என்றார் டீக்கடைக்காரர் மராத்தியில். "பச்சை ஜீப்பு. ரெண்டு பேரு. உங்க ஆளுங்கதானேன்னு நினைச்சேன்."

"எந்தப் பக்கம்?"

நாசிக் ரோட்டைக் காட்டினார். எங்கள் ஜீப் வெள்ளை. நான் ரோட்டில் கொஞ்ச தூரம் அர்த்தமில்லாமல் ஓடினேன். மூச்சு வாங்கி நின்றபோது, பின்னால் ஊர்ப்பக்கமிருந்து எங்கள் ஜீப் வந்து நின்றது.

"என்னலே, ரோட்ல ஓடிக்கிட்டு இருக்க?" என்றார் சவரி அண்ணாச்சி.

"அண்ணாச்சி, டப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டானுவ."

"யாரு?"

"தெரியல. ஒரு பச்சை ஜீப்பு."

அவர் இறங்கி என் தோளைப் பிடித்தார். "அந்தம்மா எங்க? சகுபாய்?"

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "அவங்க மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக விழுந்தது. கண் கட்டிய ஒரு பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவன் நான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குள் டப்பா கிடைத்துவிடும், ஒன்றும் ஆகியிருக்காது, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உள்ளே எதுவோ கெஞ்சியது. சொன்ன மறுகணமே திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "நல்ல காலம். சாமான்தான போச்சு. வா, முறையா போலீஸ்ல சொல்லுவோம்." ஆள் உள்ளே இருப்பது தெரிந்திருந்தால் அந்த நொடியே நாசிக் ரோட்டில் ஜீப்பை விரட்டியிருப்பார். நான் சொன்ன பொய்யால் ஜீப் எதிர்த்திசையில் போனது.

சௌக்கி என்று சொல்லும் புறக்காவல் நிலையத்தில் ஒரு ஹவில்தார் மட்டும் இருந்தார். நரைத்த மீசை. அவசரமே இல்லாதவர். நோட்டை எடுத்தார், பேனாவை உதறினார். வண்டியின் நிறம் என்ன, நீளம் என்ன, யார் பெயரில் இருக்கிறது, காகிதம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முள் நகரும்போதெல்லாம் டப்பா ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவது போல் இருந்தது.

"உள்ளே என்னென்ன சாமான்?" என்று என்னைப் பார்த்தார் ஹவில்தார்.

"ஸ்டவ் ஒண்ணு. கொதிக்க வைக்கிற பாத்திரம். ஸ்பிரிட். கட்டுத்துணி. மெத்தை ரெண்டு. தலையணை…"

தலையணை என்றதோடு நிறுத்திவிட்டேன். ஹவில்தார் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவர் என்னை முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வேற?" என்றார்.

"ஒரு அம்மா."

"என்னது?"

"ஒரு அம்மா படுத்திருக்காங்க. ரெண்டு கண்ணும் கட்டியிருக்கு. நான் வெளியிலேருந்து பூட்டிட்டுப் போயிட்டேன்."

அண்ணாச்சி என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. தமிழில் மெதுவாக, "பாவிப் பயலே, கால்மணி நேரம் ஆச்சேலே" என்றார். அவ்வளவுதான்.

ஹவில்தார் நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றார். அதுவரை இருந்த மனிதர் வேறு, அதற்குப் பிறகு இருந்தவர் வேறு. போனை எடுத்து, நாசிக் ரோட்டில் ஊர் எல்லையில் சரக்கு வரி வாங்கும் ஜகாத் நாகாவைக் கூப்பிட்டார். வெள்ளை நிறத்தில் ஒரு சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு பச்சை ஜீப் தாண்டியதா என்று கேட்டார். தாண்டவில்லை என்று பதில் வந்தது. இனி வந்தால் தடுப்பை இறக்கிவிடுங்கள், ஆனால் துரத்தாதீர்கள், உள்ளே நோயாளி இருக்கிறார் என்றார். அந்த 'துரத்தாதீர்கள்' என்ற ஒரு சொல்லுக்காக இன்றும் அவரை நினைக்கிறேன். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று கேட்கத் தோன்றவில்லை. பிறகு போனபோது மாற்றலாகியிருந்தார்.

"நாகாவைத் தாண்டல. அப்ப பெரிய ரோட்டை விட்டு எங்கேயோ திரும்பியிருக்கான்" என்றார். "வழியில ஏழெட்டுக் கிளைப்பாதை இருக்கு."

அண்ணாச்சி கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்தார். எனக்கு அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியவில்லை. "போவோம் அண்ணாச்சி, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்று அவர் கையை இழுத்தேன்.

"சும்மா இருலே" என்றார். பிறகு ஹவில்தாரிடம், "டப்பா மாட்டின ஜீப்பைக் குறுகலான பாதையில விட்டா வெளியே எடுக்க முடியாது சாப். பின்னால எடுத்தா மடங்கிக்கும். வட்டம் அடிச்சுத் திரும்ப இடம் வேணும். அச்சையும் சக்கரத்தையும் கழட்டி விக்கத்தான் கொண்டுபோறான்னா, திரும்ப வசதியா, ஆள் நடமாட்டம் இல்லாத இடமா பார்ப்பான். இந்தப் பக்கம் லாரி திரும்புற மாதிரி என்ன இருக்கு?"

"கல் குவாரி" என்றார் ஹவில்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு அவரே ஜீப்பில் ஏறினார்.

குவாரிப் பாதை முழுக்கச் சரளைக்கல். ஜீப்பிலேயே எங்கள் தலை கூரையில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் நான் சகுபாயின் கண்ணில் இருந்த தையலை நினைத்தேன். ஒரு திருப்பத்தில், ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் டப்பா நின்றது. பச்சை ஜீப்பைக் காணோம். அவசரத்தில் பின்னைப் பிடுங்கி அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூக்கைத் தாங்கி நிற்கும் முன்காலைத் திருகி இறக்கிவிடாததால் டப்பா மூக்குக் குப்புறத் தரையில் குத்திக்கொண்டு, பின்பக்கம் தூக்கி நின்றது. கதவில் என் பித்தளைப் பூட்டு சின்னக் கீறல்கூட இல்லாமல் தொங்கியது.

"மௌஷி!" என்று கத்தினேன். மராத்தியில் சித்தி என்று கூப்பிடுவது போல. பதில் இல்லை. "மௌஷி!"

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "தவாகானா ஆலா கா?" ஆஸ்பத்திரி வந்துவிட்டதா என்று கேட்டார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையில் கைவிட்டால் சாவி இல்லை. ரோட்டில் ஓடியபோது எங்கேயோ விழுந்திருந்தது. பூட்டை உடைக்க நான் ஒரு பெரிய கல்லைத் தூக்கினேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"கல்லால அடிச்சா உள்ள இருக்கிறவ தலையில அடிச்ச மாதிரி. முதல்ல மூக்கத் தூக்கணும். அவ தலை கீழ்ப்பக்கமா இருக்கு. நீ சுவர்கிட்ட போய்ப் பேசு. எழுந்திருக்க விடாத. பேச்சை நிறுத்தாத."

அவரும் ஹவில்தாரும் முன்காலின் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகச் சுற்றி வண்டியை நிமிர்த்தினார்கள். நான் டப்பாவின் தகரத்தில் வாயை வைத்துப் பேசினேன். மௌஷி, தலையை அசைக்காதீங்க. வண்டி கொஞ்சம் நிமிரும், பயப்படாதீங்க. கம்பியைப் பிடிச்சுக்கங்க.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், கை மரத்துப் போச்சு" என்றார் அவர். "என்னடா இப்படி ஓட்டறான் உங்க டிரைவர்? எருமை மாடு."

அண்ணாச்சிக்கு மராத்தி நன்றாகத் தெரியும். காதில் விழுந்தும் விழாதது போல் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தார். வண்டி மட்டமானதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து கதவின் மறுபக்கத்தில் நின்றார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். கதவின் கீல்கள் இரண்டும் வெளிப்பக்கம் இருந்தன. மொத்தம் ஆறு ஸ்க்ரூ. கழற்ற மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு பெரிய பூட்டைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி கதவு முழுசாகக் கையோடு வந்தது.

உள்ளே அனல். மருந்துப் பாட்டில்கள் உடைந்து கிடந்தன. சகுபாய் படுக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணல்பைகள் இல்லாமலேயே தலையை நேராக வைத்துக்கொண்டு கிடந்தார். கல் சுமந்த கழுத்து அது. வேறு யாராக இருந்தாலும் அப்படிக் கிடந்திருக்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து, "கண்ணுக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது. ஒரு தையல் இழுபட்டிருக்கிறது. அஞ்சு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே சொன்னேன். பூட்டியது, போன் செய்யப் போனது, பொய் சொன்னது எல்லாவற்றையும்.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பூட்டியது முட்டாள்தனம். அதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். பொய் சொன்னதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சு நாள் போகட்டும்."

அந்த ஐந்து நாட்களும் நான் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சும்மா இருக்க முடியாமல் போசரியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். வளையத்தின் ஓட்டைக்குள் யாரும் கொக்கி போட முடியாதபடி இரும்பில் ஒரு தக்கை கடைந்து தரச் சொன்னேன். இரண்டு பாதியாக வந்து வளையத்துக்குள் பொருந்தும். நடுவில் ஒரு பூட்டு. பட்டறைக்காரர் அதை அழகாகச் செய்து கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் சங்கிலி, முன்காலுக்கு ஒரு பூட்டு, ஜன்னலுக்கு ஒன்று, கூரைத் திறப்புக்கு ஒன்று, கதவுக்குப் பழைய பித்தளைப் பூட்டு. மொத்தம் ஏழு. ஏழு சாவியையும் ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் டாக்டரம்மா வந்து டப்பாவைச் சுற்றிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடித்துவிட்டது. வண்டியை நகர்த்து" என்றார்.

நான் ஓடினேன். எந்தச் சாவி எதற்கு என்று தெரியாமல் தடுமாறினேன். வியர்த்துக் கொட்டியது. ஜீப்பில் மாட்டி முடித்தபோது, "பதினோரு நிமிடம்" என்றார். "இது பயத்தில் போட்ட பூட்டு. திருடனைவிட நமக்குத்தான் இது அதிகம் தடையாக இருக்கும். எதை எடுத்தால் வண்டி போய்விடுமோ அதைப் பூட்டு. மற்றதை விடு."

அன்று சாயங்காலமே ஐந்தை எடுத்துவிட்டேன். வளையத்துக்குத் தக்கை, ஒரு சக்கரத்துக்குச் சங்கிலி. இரண்டுக்கும் ஒரே சாவி. ஒரு சாவி என் கழுத்தில், இன்னொன்று டிரைவரிடம். கீல் ஸ்க்ரூக்களின் தலையை அராவி, திருப்ப முடியாதபடி செய்தேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். உள்ளே ஆள் இருந்தால் வெளிப்பூட்டுக்கு வேலை கிடையாது. உங்கள் அலுவலகம் கேட்ட ஒரு பக்கம் இவ்வளவுதான். இப்போது உங்கள் வண்டிகளுக்கு வந்திருக்கும் பூட்டுகள் என்னென்னவோ செய்யும் என்கிறார்கள். செய்யட்டும். வண்டி போவதற்கு எந்த இடம் காரணமோ அந்த இடத்தைத் திருடனாக நின்று ஒரு முறை பாருங்கள். பிறகு, உள்ளே படுத்திருப்பவராக ஒரு முறை பாருங்கள். இரண்டாவதை நான் மறந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். நானும் அண்ணாச்சியும் கட்டிலின் கால்மாட்டில் நின்றோம். டாக்டரம்மா இரண்டு விரலைக் காட்டினார். சகுபாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஈரத்தில் இமை ஒட்டியிருந்தது.

"ரெண்டு" என்றார்.

"இப்போது?"

"நாலு. உங்க கையில வளையல் இல்லையே, ஏன்?"

டாக்டரம்மா சிரித்தார். கருவிழியின் நடுப்புள்ளி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது; வெளிச்சம் கொஞ்சம் கூசும், ஆனால் பார்வை வந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னார். அந்த இழுபட்ட புள்ளியை நான் பார்த்தேன். ஆயுள் முழுக்க அது அப்படியேதான் இருக்கும்.

சகுபாய் எங்கள் பக்கம் திரும்பினார். "இதுல எருமை மாடு யாரு? அன்னைக்கு வண்டி ஓட்டினவன்?"

அண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் மௌஷி. மன்னிச்சுக்கங்க" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஐந்து நாள் தவணை அன்றோடு முடிகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சத்தியமாக, அந்தப் பார்வைக்காக நான் பேசவில்லை. தன் மேல் இல்லாத பழியை ஏற்றுக்கொண்டு கைகட்டி நின்ற அண்ணாச்சியைப் பார்க்க முடியவில்லை.

"அவர் இல்லை மௌஷி" என்றேன். "அன்னைக்கு வண்டியை ஓட்டினது திருடங்க. நான் உங்களை உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போன் பண்ணப் போயிட்டேன். அப்ப வந்து டப்பாவோட இழுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க உள்ளே இருக்கீங்கன்னு நான் உடனே யார்கிட்டயும் சொல்லல."

அவர் புதிதாகக் கிடைத்த அந்தக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் 'மெதுவா ஓட்டுடா'ன்னு கத்தினேன். உடனே வண்டி நின்னுது. ரெண்டு பேரு ஏதோ சண்டை போட்டாங்க. 'உள்ளே பொம்பளை இருக்கா, விடு, விடு'ன்னு ஒருத்தன் சொன்னான். அப்புறம் சத்தமே இல்லை" என்றார். "அவங்க திருடங்களா?"

"ஆமா மௌஷி."

"திருடன் நான் கூப்பிட்டதும் நின்னான். நீ பூட்டும்போது நான் தண்ணி கேட்டேன். நீ நிக்கல."

நான் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தேன். இல்லை. சாவியைத் திருப்பும்போது உள்ளே இருந்து ஏதோ குரல் வந்தது. போன் செய்துவிட்டு வந்து கேட்கலாம் என்று நான் நடந்துவிட்டேன். அவர் சொன்ன பிறகுதான் அது எனக்கு நினைவு வந்தது. அது நினைவிலிருந்து தானாகப் போயிருந்ததா, நான் போக்கியிருந்தேனா என்பதை இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

என் வேலை போகவில்லை. டாக்டரம்மா அதைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை. அந்தத் திருடர்கள் பிடிபடவும் இல்லை.

அடுத்த வருடம் சகுபாய் மறு கண்ணுக்கு வந்தார். வரமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். இம்முறை முகாம் வேறு பள்ளிக்கூடத்தில். அறுவை முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம், இரண்டு கண்ணும் கட்டியிருந்த அவரை டப்பாவில் ஓய்வெடுக்க வைத்தார்கள். நான் ஒரு கூஜாத் தண்ணீரும் தம்ளரும் கொண்டுபோய் அவர் கை எட்டும் இடத்தில் வைத்தேன். கையைப் பிடித்துத் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினேன். படுக்கையிலிருந்து எழாமலே எட்டும் உயரத்தில் அதை வைத்திருந்தேன்.

"நீதானா?" என்று கேட்டார்.

"நான்தான் மௌஷி."

"போ வெளியே."

நான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். உள்ளே கொஞ்ச நேரம் தடவும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கப்புறம்தான் நான் முன்பக்கம் போய், வளையத்தில் தக்கையை வைத்துப் பூட்டினேன்.